'நம்ம ஆள்' உட்கார்ந்தால் நியாயம் வருமா?

ஒப்பந்தத் தகராறு என்று வந்துவிட்டால் வக்கீலிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "சார், நம்ம சைடுல யாரைப் போடலாம்?" என்பதுதான். பாக்கி எவ்வளவு, எந்த ஷரத்து, காலக்கெடு தாண்டிவிட்டதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஒப்பந்ததாரர் சங்கக் கூட்டமானாலும் சட்டக் கருத்தரங்கானாலும் மேடையேறுபவர் ஒரு கட்டத்தில் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை: தன் நடுவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமைதான் ஆர்பிட்ரேஷனின் உயிர், அதை ஏதோ ஒரு மையத்திடம் ஒப்படைத்துவிட்டால் கோர்ட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ரயில்வே வழக்கில் தீர்ப்பளித்த பிறகு இந்தக் குரல் இன்னும் ஓங்கியிருக்கிறது. அரசுத் துறை இனி தன் பட்டியலை நம் தலையில் கட்ட முடியாது, ஆளுக்கு ஒருவரை நாமே போட்டுக்கொள்ளலாம், நடுவில் நிறுவனம் எதற்கு என்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு அதிகம் கைதட்டுபவர்கள் சிறிய ஒப்பந்ததாரர்கள். இதனால் அதிகம் கெடப்போகிறவர்களும் அவர்களே. நடுவரை நியமிக்கும் வேலையை இரு தரப்பின் கையிலிருந்தும் எடுத்து, எழுதிவைத்த விதிப்படி நடக்கும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. நிறுவனங்களின் குறைகள் எனக்குத் தெரியாதவை அல்ல, அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில், 'உயிர்' என்று இவர்கள் சொல்லும் அந்த உரிமை இந்தியாவில் எப்படி வாழ்ந்தது என்று பார்க்க வேண்டும். 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டம் தரப்பினருக்குத் தாராளமாகவே சுதந்திரம் தந்தது. எத்தனை நடுவர்கள், யார், எந்த வழியில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எழுதவும் செய்தார்கள். ஆனால் எழுதியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். டெண்டர் படிவத்தில் அச்சாகி வந்த ஷரத்தை அடித்துத் திருத்திவிட்டு எந்த ஒப்பந்ததாரர் டெண்டர் போட்டார்? போட்டால் கவர் பிரித்த அன்றே தள்ளுபடி. அந்த ஷரத்தோ, துறையின் உயரதிகாரியோ அவர் கைகாட்டுபவரோதான் நடுவர் என்றது. 2009இல் ராஜா டிரான்ஸ்போர்ட் வழக்கில், இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் அதன் டீலருக்கும் நடந்த சண்டையில், அந்நிறுவனத்தின் இயக்குநரே நடுவர் என்ற ஷரத்து உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஊழியர் என்ற ஒரே காரணத்தால் ஒருதலைச் சார்பு வந்துவிடாது என்று நீதிமன்றம் சொல்லியது. தரப்பினரின் சுதந்திரத்தை மதித்த தீர்ப்பு அது. யாருடைய சுதந்திரம் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

2014இல் சட்ட ஆணையத்தின் 246ஆவது அறிக்கை கேட்டது. அதன் விளைவாக 2015 அக்டோபர் முதல் அந்தச் சட்டத்தில் ஏழாம் அட்டவணை வந்தது. ஒரு தரப்பின் ஊழியர், ஆலோசகர், வக்கீல் எவரும் நடுவராக அமர முடியாது. அடுத்து என்ன நடந்தது? "நான் நடுவராக உட்கார முடியாதுதான். ஆனால் யார் உட்கார வேண்டும் என்று நான் சொல்லலாமே" என்றார்கள் நிர்வாக இயக்குநர்கள். 2017இல் டி.ஆர்.எஃப். வழக்கில், தானே அமரத் தகுதியில்லாதவர் வேறொருவரை அமர்த்தவும் முடியாது என்று நீதிமன்றம் அடைத்தது. 2019 நவம்பரில் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கு: குண்டூர் எய்ம்ஸ் மருத்துவமனைத் திட்டத்துக்கு வடிவமைப்பு வேலை எடுத்த அமெரிக்கக் கட்டடக்கலை நிறுவனம் ஒரு பக்கம், வேலை கொடுத்த பொதுத்துறை நிறுவனம் மறுபக்கம். தனி நடுவரை நியமிக்கும் அதிகாரம் அந்தப் பொதுத்துறை நிறுவனத்தின் தலைவருக்கு மட்டும். வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் தனி நடுவரை நியமிக்கவே கூடாது என்று நீதிமன்றம் தெளிவாக்கியது.

அடுத்த மாதமே இன்னொரு அமர்வு ரயில்வேக்கு விதிவிலக்குப்போல் ஒன்றைத் தந்தது. ரயில்வேயின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் உள்ள 64ஆவது ஷரத்தைப் படித்துப் பார்க்காமல் 'நம்ம ஆள்' பெருமை பேசுவதை நிறுத்த வேண்டும். ரயில்வே, ஓய்வுபெற்ற தன் அதிகாரிகளில் நான்கு பேரையாவது கொண்ட ஒரு பட்டியலை ஒப்பந்ததாரருக்கு அனுப்பும். ஒப்பந்ததாரர் அதில் இரண்டு பேரைச் சொல்லலாம். அந்த இரண்டில் ஒருவரையாவது ஒப்பந்ததாரரின் நடுவராகப் பொது மேலாளர் நியமிப்பார். மீதி நடுவர்களையும் அவரே நியமிப்பார். தலைமை யார் என்பதையும் அவரே சொல்வார். மூன்று நாற்காலியிலும் துறையின் முன்னாள் அதிகாரிகளே அமர்ந்துவிட முடியும். ஒப்பந்ததாரரின் 'நம்ம ஆள்' கூட முப்பது வருடம் ரயில்வேயில் சம்பளம் வாங்கி, இன்று அதன் பென்ஷனில் வாழ்பவர். 2019 டிசம்பரில் இந்த ஏற்பாடு செல்லும் என்ற நீதிமன்றம், ஐந்து ஆண்டுகள் கழித்து அரசியல் சாசன அமர்வில்தான் அதை மாற்றியது. பொதுத்துறை தான் தொகுத்த பட்டியலிலிருந்துதான் எதிர்த்தரப்பு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, சம நடத்தை என்பது நடுவரை நியமிக்கும் கட்டத்துக்கும் பொருந்தும், ஒருதலையாகத் தனி நடுவரை நியமிக்கும் அரசு ஒப்பந்த ஷரத்து அரசியல் சாசனத்தின் 14ஆவது பிரிவுக்கே முரண் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மூன்று நடுவர் அமர்வுகளில் அது தீர்ப்பு நாளுக்குப் பிந்தைய நியமனங்களுக்கே பொருந்தும் என்பதால் பழைய கதைகள் பழைய கதைகளாகவே முடிந்தன.

"அதெல்லாம் அரசாங்கம் செய்த அழிச்சாட்டியம்" என்று தள்ளிவிடவும் முடியாது. தனியார் நிதி நிறுவனங்களிடம் வண்டிக் கடன் வாங்கியவர்களைக் கேளுங்கள். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லாரி ஓட்டுபவருக்கு நான்கு தவணை தவறியதும் ஒரு ரிஜிஸ்டர் தபால் வரும். நிதி நிறுவனம் நியமித்த வக்கீல் ஒருவர் நடுவராக இருக்கிறார், இன்ன தேதியில் சென்னையில் விசாரணை என்றிருக்கும். அவர் போகமாட்டார். ஒருதலைத் தீர்ப்பு வரும். அதை எதிர்க்க மூன்று மாதமும், தக்க காரணம் காட்டினால் மேலும் முப்பது நாளும் சட்டம் தருகிறது. அவருக்குத் தெரிவதற்குள் அதுவும் போய்விடும். பிறகு ஜப்தி. 2023இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இப்படி ஒருதலையாக நியமிக்கப்பட்ட நடுவரின் தீர்ப்பை, தீர்ப்பே இல்லை என்று சொல்லி நிறைவேற்ற மறுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் கோர்ட் வாசல்வரை வந்தவருக்குத்தான் அது நல்ல தீர்ப்பு.

இங்கே எதிர்த்தரப்பு நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "நாங்கள் ஒருதலை நியமனத்தை ஆதரிக்கவில்லை. உங்களுக்கு ஒருவர், எங்களுக்கு ஒருவர், இருவரும் சேர்ந்து மூன்றாமவர். இதில் என்ன அநியாயம்?" பார்வைக்குத் தராசு நேராகத்தான் இருக்கிறது. ஆகவே உண்மையான சண்டை இந்த இடத்தில்தான்.

ஆளுக்கொருவர் என்பதன் பொருளை அமெரிக்கர்கள் ஒரு காலத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள். அங்கே வணிகத் தகராறுகளில் ஒரு தரப்பு நியமித்த நடுவர் நடுநிலையாளர் அல்ல என்பதே நடைமுறை அனுமானம். 1977இல் எழுதிய நடுவர் நெறிமுறையிலேயே அப்படித்தான் இருந்தது. 2004இல் திருத்தியபோதுதான் தரப்பு நியமித்தவரும் நடுநிலையாளராகவே கருதப்பட வேண்டும் என்று மாற்றினார்கள். எழுத்து மாறியது, நியமிப்பவரின் மனம் மாறியதா? தனக்கு நடுநிலையாளர்தான் வேண்டும் என்றால் 'நம்ம சைடு' என்ற பேச்சுக்கே இடமில்லையே. கோப்பைப் படித்து, நம் வாதத்துக்குத் தலையாட்டக்கூடியவர் யார் என்று ஐந்து பெயரை அலசி, அவர் முன்பு எழுதிய தீர்ப்புகளையும் கருத்தரங்கில் பேசியதையும் தேடிப் படித்துத்தான் வக்கீல் ஒருவரைச் சிபாரிசு செய்கிறார். அதற்குத்தான் கட்சிக்காரர் அவருக்கு ஃபீஸ் தருகிறார்.

2010இல் மயாமி பல்கலைக்கழகத்தில் யான் பால்சன் இதையே பேசினார். அவர் வெளியிலிருந்து கல்லெறிந்தவர் அல்ல. உலகின் பெரிய தகராறுகளில் வக்கீலாகவும் நடுவராகவும் இருந்தவர். தரப்புகள் தனித்தனியே நடுவரை நியமிப்பதை நிறுத்திவிட்டு, எல்லா நடுவர்களையும் ஒரு நடுநிலை அமைப்பே நியமிக்கட்டும் என்றார். பெரும் கூச்சல் எழுந்தது. மறுவருடம் இன்னொரு மூத்த நடுவரான ஆல்பர்ட் யான் வான் டென் பெர்க், முதலீட்டுத் தகராறுத் தீர்ப்புகள் ஏறத்தாழ 150ஐ எடுத்துப் பார்த்தார். அவற்றில் 34இல் ஒரு நடுவர் மாறுபட்ட கருத்து எழுதியிருந்தார். அந்த 34இல் ஏறத்தாழ அத்தனையும், தோற்ற தரப்பு நியமித்த நடுவர் எழுதியவை. கட்சி வாரியாக ஓட்டுப் போட்ட சட்டசபைபோல் இருக்கிறது.

அதற்கும் பதில் சொன்னார்கள்: மாறுபட்ட கருத்து எழுதுவது குற்றமா, நியமித்தவரின் நாட்டுச் சட்டமும் வழக்கமும் புரிந்தவர் என்பதால் அப்படித் தோன்றியிருக்கலாமே என்று. சரி, அதையும் சோதித்தார்கள். செர்ஜியோ புய்க், ஆன்டன் ஸ்ட்ரெஷ்னெவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை நடுவர்களிடம் ஒரே கற்பனை வழக்கைக் கொடுத்தார்கள். உங்களை நியமித்தது யார் என்ற ஒரு வரி மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. வழக்குச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில், நியமித்தவர் பக்கம் சாய்வு தெரிந்தது. கெட்டவர்கள் என்று அவர்களை யாரும் சொல்லவில்லை. நியமனம் என்பது நல்லவரையும் லேசாகத் திருப்பிவிடும், அவ்வளவே.

ஆக, மூவரில் இருவர் ஒருவரையொருவர் ரத்து செய்துகொள்கிறார்கள் என்றால், தீர்ப்பு எழுதுவது மூன்றாமவர். அவரைத்தான் 'நம்ம ஆள்' இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. ஒரு நடுவரின் வேலைக்கு மூன்று பேருக்குச் சம்பளம். இந்தக் கணக்கை நம் ஒப்பந்ததாரர்கள் ஏன் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரிவதே இல்லை. சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி தனி நடுவராக அமர்பவருக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். மூவர் அமர்ந்தால் ஒவ்வொருவருக்கும் முழுக் கட்டணம். அட்டவணையின் உச்சவரம்பு ஒவ்வொரு நடுவருக்கும் தனித்தனி என்று 2022இல் ஓ.என்.ஜி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்றேகால் பங்குக்குப் பதில் மூன்று பங்கு. நாற்பது லட்ச ரூபாய் பாக்கிக்குப் போராடும் சிவில் ஒப்பந்ததாரருக்கு, 'நம்ம ஆள்' ஒருவரை உட்காரவைக்கும் கௌரவத்தின் விலை அது. எதிரில் இருக்கும் துறைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூன்று பேரின் டைரியும் ஒத்துவரும் தேதியைப் பிடிப்பது தனி அவஸ்தை.

இன்னொரு முடிச்சும் உண்டு. இரு தரப்பு என்பதே எப்போதும் இரண்டு பேர் அல்ல. பாரிஸில் டட்கோ வழக்கில் ஒரு நிறுவனம் இரண்டு கூட்டாளிகள்மீது வழக்குத் தொடுத்தது. கூட்டாளிகள் இருவருக்கும் தங்களுக்குள்ளேயே முரண். ஆனாலும் இருவரும் சேர்ந்து ஒரே நடுவரைச் சொல்ல வேண்டும் என்றார்கள். எதிரிக்கோ தனக்கென ஒரு முழு நடுவர். 1992 ஜனவரியில் பிரான்ஸின் உயர்ந்த நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. நடுவரை அமைப்பதில் தரப்புகளுக்கிடையே சமத்துவம் பொதுக் கொள்கை, தகராறு எழுந்த பிறகுதான் அதை விட்டுக்கொடுக்க முடியும் என்றது. அதன்பின் பாரிஸின் சர்வதேச வணிக மன்றம் தன் விதியை மாற்றியது: பல தரப்புகள் ஒத்துப்போகாவிட்டால் மூன்று நடுவர்களையும் மன்றத்தின் நடுவர் நீதிமன்றமே நியமிக்கலாம். சமத்துவம் வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்த உரிமையைத் திருப்பி வாங்க வேண்டியிருந்தது. நம் உச்ச நீதிமன்றம் 2024இல் வந்து சேர்ந்த இடத்துக்கு மிக அருகில் பாரிஸ் 32 ஆண்டுகளுக்கு முன்பே நின்றது.

இதில் கிரிக்கெட் ரசிகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. டெஸ்ட் போட்டிக்கு உள்ளூர் வாரியமே இரண்டு அம்பயரையும் போட்டுக்கொண்டிருந்த காலத்தை நினைவுள்ளவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தொடர் முடிந்ததும் எல்.பி.டபிள்யூ. தீர்ப்புகள் பற்றிய வசைகள் ஓயாது. அதற்குத் தீர்வாக, இந்தியா ஒரு அம்பயர் பாகிஸ்தான் ஒரு அம்பயர் என்று யாரும் பங்கு பிரிக்கவில்லை. 1994இல் ஒரு எண்டில் மூன்றாம் நாட்டு அம்பயர், 2002இல் இரண்டு எண்டிலும். நியமனம் சர்வதேச அமைப்பின் கைக்குப் போயிற்று.

இனி, நிறுவனம் நியமிப்பது என்றால் நடப்பது என்ன? இதை எதிர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு நிறுவனத்தின் விதிப்புத்தகத்தைக்கூடத் திறந்து பார்த்ததில்லை என்பது என் ஐயம். யாரோ ஓர் அதிகாரி அறைக்குள் உட்கார்ந்து தன் நண்பரின் பெயரை எழுதிவிடுவார் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள்.

1926இல் தொடங்கிய அமெரிக்க ஆர்பிட்ரேஷன் சங்கத்தின் வழக்கமான முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பட்டியல், ஒரே நாளில், இரு தரப்புக்கும் போகிறது. ஒத்துவராத பெயர்களை இருவரும் அடிக்கலாம். மிஞ்சியவர்களை விருப்ப வரிசையில் எண்ணிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். இருவர் பட்டியலிலும் மிஞ்சியவர்களில் கூட்டு விருப்பம் அதிகம் உள்ளவருக்குக் கடிதம் போகிறது. ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 1976இல் வகுத்து 2010இல் திருத்திய விதிகளும் இதே வழிதான்: நியமன அதிகாரம் பெற்றவர் குறைந்தது மூன்று பெயர் அனுப்புவார், 15 நாளுக்குள் அடித்து, எண்ணிட்டுத் திருப்ப வேண்டும். நியமன அதிகாரம் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால், 1899 முதல் ஹேகில் இருக்கும் நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் பொதுச்செயலர் அதைக் குறிப்பார். தேர்வு பறிபோயிற்று என்று யாராவது சொல்ல முடியுமா? தனியே தேர்ந்தெடுப்பதுதான் போயிற்று. வேண்டாதவரைத் தடுக்கும் உரிமை இருவருக்கும் சமமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், வேண்டியவரைக் கொண்டுவருவதைவிட வேண்டாதவரை விலக்குவதுதான் வழக்காடுபவருக்குத் தேவையான காப்பு. கூடவே இன்னொரு நன்மை: தன்னை யார் முதலிடத்தில் எழுதினார், யார் கடைசியில் எழுதினார் என்று நியமனம் பெற்றவருக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

லண்டனின் சர்வதேச ஆர்பிட்ரேஷன் நிறுவனம் இன்னும் கறார். தரப்புகள் பெயரைச் சொல்லலாம். ஆனால் நியமிக்கும் அதிகாரம் தன் நடுவர் நீதிமன்றத்துக்கு மட்டுமே என்று அதன் விதி நேரடியாகவே சொல்கிறது. பாரிஸில் தரப்பு சொன்ன பெயரை மன்றம் உறுதிசெய்தால்தான் அவர் நடுவர். தலைமை நடுவரையும் தனி நடுவரையும் மன்றம் நியமிக்கும்போது, வழக்கமாகத் தன் தேசியக் குழுக்களில் ஒன்றிடம் பெயர் கேட்டு, தரப்புகளின் நாட்டைச் சேராதவரையே அமர்த்துகிறது. மொழி, தொழில், கையில் எத்தனை வழக்கு என்பதையெல்லாம் பார்த்த பிறகே பெயர் முடிவாகிறது. 'நம் நாட்டு வழக்கம் புரிந்தவர் வேண்டும்' என்ற கவலைக்கு இடம் இங்கே இருக்கிறது. அதை நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம். மூவரும் அதைப் புரிந்தவர்களாக இருக்கலாமே, ஒருவர் மட்டும் ஏன்?

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். "நிறுவனங்கள் என்ன வானத்திலிருந்தா குதித்தன? அங்கேயும் ஒரு வட்டம்தான். அதே பத்துப் பெரிய மனிதர்கள், அதே ஓய்வுபெற்ற நீதிபதிகள், ஒருவரையொருவர் நியமித்துக்கொள்வார்கள்." இதில் உண்மை உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் வட்டம் என்ற நோய்க்குத் தரப்பு நியமனம் மருந்தாகாது; அங்கே அந்த வட்டம் கண்ணுக்கே தெரியாது. நம் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, மூன்று ஆண்டுகளில் ஒரே தரப்பால் இரண்டு முறையோ அதற்கு மேலோ நியமிக்கப்பட்டிருந்தால் அது சந்தேகத்துக்கு இடம் தரும் என்கிறது. அதை யார் சொல்ல வேண்டும்? அந்த நடுவரே. சொல்லாவிட்டால் எதிர்த்தரப்புக்கு எப்படித் தெரியும்? பாரிஸ் மன்றமோ 2016 முதல் தன் வழக்குகளில் அமர்ந்த நடுவர்களின் பெயர், நாடு, தரப்பு நியமித்ததா மன்றம் நியமித்ததா, தலைமை யார் என்பதையெல்லாம் இணையத்தில் வெளியிடுகிறது. லண்டன் நிறுவனம், நடுவரை விலக்கக் கோரிய மனுக்களில் எடுத்த முடிவுகளின் சுருக்கத்தை வெளியிடுகிறது. குறை உள்ள இடத்தை எண்ணிப் பார்க்க முடிகிறது, திட்ட முடிகிறது, திருத்தச் சொல்ல முடிகிறது. 'நம்ம ஆள்' சந்தையில் எண்ணுவதற்குப் பதிவேடே கிடையாது.

போலி நிறுவனங்கள் என்ற ஆபத்து இதைவிடப் பெரிது. ஒரு நிதி நிறுவனம் அனுப்பும் வழக்குக் கட்டுகளிலேயே ஓடும் ஒரு மையம், அந்த நிதி நிறுவனத்தின் கிளை அலுவலகம் என்பதைத் தவிர வேறில்லை. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பட்டியலை யார் தொகுத்தார், பணம் யார் தருகிறார், வழக்குகளில் எத்தனை சதவீதம் ஒரே கட்சிக்காரருடையவை என்ற மூன்று கேள்விக்குப் பதில் தராத மையத்தை நீதிமன்றம் நிறுவனமாக ஏற்கவே கூடாது. ரயில்வே பட்டியலுக்கு 2024இல் சொன்ன நியாயம் இதற்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

நிறுவனமும் வேண்டாம், ஒருதலை நியமனமும் முடியாது என்றால் மிஞ்சுவது, நடுவரை நியமிக்கக் கோரும் 11ஆவது பிரிவு மனு. நோட்டீஸ், 30 நாள் காத்திருப்பு, பிறகு உயர் நீதிமன்றம். 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கேட்டுக்கொள்கிறது. முயல்வதும் முடிப்பதும் ஒன்றல்ல என்று வக்கீல்களுக்குத் தெரியும். 2005இல் ஏழு நீதிபதிகள் அமர்வு இந்த நியமனம் நீதித்துறை அதிகாரம் என்று தீர்ப்பளித்ததால், ஒரு பெயர் எழுதும் காரியம் வழக்காகவே நீண்டது. 2015 திருத்தம் அதைச் சுருக்கப் பார்த்தது. நீதிமன்றம் பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதியை அமர்த்துகிறது. அவர்கள் நேர்மை பற்றிக் கேள்வியில்லை. ஆனால் பைல் பவுண்டேஷன் ஏன் நாலு மீட்டர் கூடுதலாகப் போனது என்ற தகராறை, பைல் போடுவதைக் கண்ணால் பார்த்த பொறியாளர் ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்வார். அத்தகையவர்களைத் தேடி, பயிற்சி கொடுத்து, பட்டியலில் வைத்திருப்பது நிறுவனத்தின் வேலை. பிசியான ஒரு நீதிபதியின் ஞாபகத்தில் அவர்கள் இருக்க வாய்ப்பில்லை. 2017இல் உச்ச நீதிமன்றமே சன் பார்மா தொடர்பான ஒரு வழக்கில், நடுவரை நியமிக்கும் வேலையை மும்பை சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையத்திடம் விட்டது. சென்னையிலும் 2005 முதல் நானி பல்கிவாலா மையம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மையமும் இருக்கிறது. ஆட்கள் இல்லை, இடம் இல்லை என்ற சாக்கு செல்லாது.

அரசின் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் கசப்பாக. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2017இல் நிறுவன ஆர்பிட்ரேஷனை வலியுறுத்தி அறிக்கை தந்தது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டது: தரம் பிரிக்கப்பட்ட நிறுவனங்களை உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் குறிக்கும், அவை நேரடியாக நடுவரை நியமிக்கும். ஆனால் அந்தப் பிரிவு ஆண்டுக்கணக்கில் அமலுக்குக் கொண்டுவரப்படாமல் புத்தகத்திலேயே கிடந்தது. தரம் பிரிக்கவேண்டிய கவுன்சிலின் அமைப்போ இன்னும் வேடிக்கை. தலைவரை மத்திய அரசு தலைமை நீதிபதியைக் கலந்து நியமிக்கும். சட்டத் துறைச் செயலரும் செலவினத் துறைச் செயலரும் பதவிவழி உறுப்பினர்கள். நாட்டின் மிகப் பெரிய வழக்காடி அரசு. அதன் கஜானாவைக் காக்கும் செயலர், எந்த நிறுவனம் நடுவரை நியமிக்கத் தகுதியுள்ளது என்று மதிப்பெண் போடும் மேசையில் அமர்வதா? நிறுவன நியமனத்தை ஆதரிக்கும் நானே இதை எதிர்க்கிறேன். 64ஆவது ஷரத்தின் குணம் மாடியேறி வந்திருக்கிறது. இது போதாதென்று 2024 ஜூனில் நிதி அமைச்சகம், 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளுக்கு அரசு ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷன் ஷரத்தே வழக்கமாக வேண்டாம் என்று வழிகாட்டியது. நடுவர்கள் மீதான சந்தேகமும் அதில் சொன்ன காரணங்களில் ஒன்று. பல்லாண்டுகள் தன் ஆட்களையே நடுவராக அமர்த்தி வந்த தரப்பு, நடுவர்களை நம்ப முடியவில்லை என்கிறது.

'நம்ம ஆள்' உரிமையைக் கொண்டாடுபவர்கள் ஒரு சின்ன விதியையும் கவனிக்க வேண்டும். 12ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவில் ஒரு விலக்கு உண்டு: தகராறு எழுந்த பிறகு எழுத்துமூலம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், தகுதியில்லாத நடுவரும் தகுதி பெற்றுவிடுவார். அதனால் இப்போதெல்லாம் பில் பாக்கி கேட்டுக் கடிதம் போட்டதும், துறையிலிருந்து மரியாதையான பதில் வருகிறது. மூன்று பெயர்கள், கீழே ஒப்புதலுக்கு ஒரு கோடு. சீக்கிரம் முடியட்டும் என்று பலர் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டில் கையெழுத்துப் போடும் முன், ஒரு மையத்தின் பெயரைச் சொல்லி அதன் விதிப்படி நியமனம் நடக்கட்டும் என்று பதில் எழுதுங்கள். தகராறு வந்த பிறகு எதிர்த்தரப்பு இதற்கு இணங்காது என்பது தெரிந்ததே. ஆகவே அடுத்த டெண்டரின் ப்ரீ-பிட் கூட்டத்திலேயே கேட்டுவிடுவது நல்லது: எந்த மையம், எந்தத் தொகைக்குக் கீழே தனி நடுவர், பட்டியலில் இருவருக்கும் சம எண்ணிக்கையில் அடிக்கும் உரிமை உண்டா என்று, எழுத்தில். பெரும்பாலான டெண்டர்களில் அந்தப் பதில்கள் ஒப்பந்த ஆவணத்தோடு சேர்ந்துவிடும்.